தண்ணி வண்டிக்கு உப்பு இறங்கிய கதை

வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளாடிய மனிதர் உலகத்திலேயே ஒருவராகத்தான் இருக்க முடியும். எர்ணாவூரில் எங்கள் கன்டெய்னர் யார்டில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. சம்பளம் போடுகிற எனக்கே அது மாதத்தில் ஒருநாள்தான் ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் 'தண்ணி வண்டி'. சாராய வாடையே ஆகாத மனிதர். ஆனால் புதிதாக வந்த மேனேஜர் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, தனியாகக் கூப்பிட்டு, குடியை நிறுத்தும்படி புத்தி சொன்னார்.

"நிறுத்த முடியாது சார். வேணும்னா நீங்களும் குடிச்சிப் பாருங்கோ. வயிறு அப்டியே கண்ணாடி மாதிரி ஆயிடும்."

மேனேஜர் நேராக என்னிடம் வந்து, அவருடைய லைசென்ஸை எடுத்துக் காட்டச் சொன்னார்.

செல்போனில் யாரோ பேசிய வீடியோதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வியாதி என்பது உடம்பில் தேங்கும் அழுக்கு, தண்ணீர் விட்டு அலசினால் போய்விடும் என்று அதில் சொன்னார்களாம். "ஒடம்பு இன்னா நைனா? ஒரு டேங்க்கு. கழுவாம உட்டா கலீஜ்தான்" என்பார். வண்டி சீட்டுக்குப் பின்னால் பெரிய கேன் ஒன்று எப்போதும் இருக்கும். எனக்குப் பல்வலி என்றால் தண்ணீர். லாரி டிரைவர் ஒருவருக்குப் பெண் வீட்டில் சம்மதிக்கவில்லை என்றபோதும் ஒரு சொம்பு தண்ணீர்தான் கொடுத்தார். யார்டில் இருந்த ஒரே கழிவறை அவர் பெயருக்குப் பட்டா ஆகிவிட்டது.

போன கோடையில் இன்னொரு வீடியோவைப் பார்த்துவிட்டு உப்பையும் விட்டார். அவர் மனைவி செல்விக்குச் சொந்த ஊர் கடலோர நெட்டுக்குப்பம். கருவாட்டு வியாபாரம். "கருவாடு விக்கிற வூட்ல உப்பில்லாத சோறு சார். பக்கத்து வூட்டுக்காரி சிரிக்கிறா" என்று என்னிடம் நொந்துகொண்டார்.

அக்னி வெயில். சட்டை பிழியப் பிழிய வியர்வை. அதில் போகிற உப்புக்கு ஈடாக இவர் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் தலைவலி என்றார், தண்ணீர் குடித்தார். வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றார், இன்னும் குடித்தார். மத்தியானம் என் மேஜைக்கு முன்னால் தள்ளாடியபடி வந்து நின்று, கைகூப்பி, "வணக்கம் ஐயா. தாங்கள் நலமா?" என்றார்.

ஆபீஸே சிரித்தது. நானும்தான். வேடிக்கையாக இருக்கட்டுமே என்று செல்விக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "அம்மா, நீங்கள் உணவு அருந்திவிட்டீர்களா?" என்றார் அவர். அடுத்த நொடி செல்வி போட்ட சத்தம் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "சார்! அவருக்கு இன்னாமோ ஆயிப்போச்சு! என்னைப் போயி 'நீங்க'ன்றாரு!"

அப்போதுதான் அவர் கண்களைப் பார்த்தேன். என்னைப் பார்த்தபடிதான் இருந்தன. ஆனால் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் போகும்போது கைகால் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரத்தத்துல உப்பு ஒரு அளவுல இருக்கணும். அதுதான் தண்ணியை செல்லுக்கு வெளிய இழுத்துப் பிடிச்சு வைக்குது. இவருக்கு அந்த உப்பு நீர்த்துப்போச்சு. தண்ணி நேரா செல்லுக்குள்ள புகுந்துக்கிச்சு. கைகால் வீங்கினா வீங்குறதுக்கு இடம் இருக்கு. மூளை எங்க வீங்கும்? சுத்தி மண்டையோடு."

செல்வி பையிலிருந்து ஒரு பொட்டலம் கருவாட்டை எடுத்து நீட்டினார். "நல்ல உப்பும்மா. இப்பவே குடுக்கலாமா?"

"ஐயோ, வேண்டாம்மா. உப்பை வேகமா ஏத்துனா அதுவும் மூளைக்கு ஆபத்து. மெதுவாத்தான் கொண்டுவரணும். தண்ணியும் அளந்துதான் தருவோம்."

மறுநாள் முழுக்க அவர் சொட்டுச்சொட்டாக இறங்கும் மருந்தோடு படுத்திருந்தார். செல்வி கட்டிலை விட்டு நகரவில்லை. போர்வையை அடிக்கடி இழுத்துவிட்டு, வராத பதிலுக்காக ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கடுத்த நாள் நான் போனபோது, நர்ஸ் கொடுத்த சின்ன டம்ளர் தண்ணீரைச் செல்வி அவர் வாயருகே கொண்டுபோனார். அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே இது? காக்காவுக்கா வெக்கிற?"

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "மருவாதி போச்சு சார். என் மனுசன் வந்துட்டாரு."

வேலைக்குத் திரும்பிய தண்ணி வண்டி இப்போது தாகம் எடுத்தால்தான் குடிக்கிறார். மோரில் உப்புப் போட்டுக்கொள்கிறார். ஆனால் செல்போனை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லையே. பின்பக்கமாக நடந்தால் முட்டி வலி போய்விடும் என்று புதிதாக ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். டீ குடித்துவிட்டு, லாரிகளுக்கு நடுவே, யார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பின்னோக்கியே நடக்கிறார்.

சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. அவர் நடக்க ஆரம்பித்ததும், எங்களில் யாராவது ஒருவர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்.