நாற்பது ஹைதம்களுக்கு ஓர் அறை

கெய்ரோவில், ஷுப்ராவில், ஒரு முதல் மாடி வீட்டில் நாற்பது பேர் கொண்ட இசைக்குழு ஒன்று இருந்தது. நாற்பது பேரும் ஹைதம்தான். ஒரே வயலினை நாற்பது தடவை வாசித்துப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவான். பாட்டெழுதுவதும் மெட்டுப் போடுவதும் பாடுவதும் அவனே. கைதட்ட மட்டும்தான் வேறு ஆள் தேவைப்பட்டது. அது இன்னும் கிடைக்கவில்லை.

மூன்று வருடத்தில் பதினோரு பாட்டு முடிந்துவிட்டது. பன்னிரண்டாவதுதான் ஆல்பத்தின் உயிர். துனிஸ் நகரத்து இசை விழாக்காரர் முன்ஸிஃப், “அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பன்னிரண்டும் வந்தால் மேடை உங்களுக்கு” என்று எழுதியிருந்தார். ஆனால் படுக்கையறையில் ஹைதம் வயலினைத் தோளில் வைத்தால் போதும், கீழே கேஸ்காரன் ஸ்பானரால் சிலிண்டரைத் தட்ட ஆரம்பித்துவிடுவான். அவன் போனால் பழைய சாமான்காரன். அவனும் போனால் மினிபஸ் ஹாரன். ஐந்தாவது பாட்டில் கேஸ்காரன் தாளம் தப்பாமல் தட்டியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டான். பன்னிரண்டாவது மெதுவான பாட்டு. அதில் சிலிண்டருக்கு இடமில்லை.

வீட்டில் சத்தமே நுழையாத அறை ஒன்று உண்டு. விருந்தாளிகளுக்கான ஸாலோன். உள்பக்கம் பார்த்த ஒரே ஜன்னல், அதற்கும் கனத்த வெல்வெட் திரை, கணுக்கால் புதையும் கம்பளம், பிளாஸ்டிக் உறை போட்ட தங்க முலாம் நாற்காலிகள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் ஹைதம் அங்கே உட்கார்ந்தது நான்கே தடவை. நான்கு தடவையும் எதிரே யாராவது விருந்தாளி இருந்தார். சாவி மனைவி நெர்மீனிடம்.

“ஒரே ஒரு நாள், நெர்மீன். செருப்பைக் கழட்டிட்டுத்தான் போவேன்.”

“வீட்டு ஆளு போய் உட்கார்ந்தா அது ஸாலோனா? வேற ரூம் பாரு.”

“நாப்பது வயலின் வாசிக்கணும்மா.”

“ஒரு ஹைதமே எனக்குத் தாங்கலை. நாப்பது பேரைத் தங்க நாற்காலியில உட்கார வைக்கணுமா?”

விருந்தாளி வந்தால்தான் கதவு திறக்கும் என்றால், விருந்தாளியை வரவழைத்துவிட வேண்டியதுதான். சனிக்கிழமை காலை, ஃபூல் என்ற பயறு மசியல் கிண்ணத்தில் ரொட்டியைத் தோய்த்தபடி ஹைதம் பொய்யை அவிழ்த்துவிட்டான்.

“துனிஸ்லேர்ந்து முன்ஸிஃப் வர்றாரு. வியாழக்கிழமை. நம்ம வீட்டுக்கு.”

திட்டம் எளிமையானது. வியாழன் காலை நெர்மீன் கதவைத் திறந்து தூசி தட்டுவாள். ‘விமானம் தாமதம்’ என்று ஒரு போன் வரும். சாயங்காலம் ‘இன்னொரு நாள் வருகிறேன்’ என்று இன்னொரு போன். நடுவில் நாற்பது வயலினும் முடிந்துவிடும்.

நெர்மீனுக்கு முகம் மலர்ந்தது. “யா ரப்பி! வெளிநாட்டு விருந்தாளி! அந்தச் சுவரை வெச்சுக்கிட்டா அவரை வரவேற்கப் போறோம், உஸ்தாத்?”

அவள் ‘உஸ்தாத்’ என்று கூப்பிட்டால் ஹைதம் உஷாராகிவிட வேண்டும். பொய் பலித்த சந்தோஷத்தில் அவன் உஷாராகவில்லை.

“சுவருக்கு என்ன?”

“ஏழு வருஷமா பெயின்ட் அடிக்கிறேன் அடிக்கிறேன்னு சொல்றியே, அந்தச் சுவர்தான். துனிஸ்காரர் பாத்தா எகிப்து மானமே போயிடும். நானா அவரைக் கூப்பிடச் சொன்னேன்?”

ஞாயிறும் திங்களும், சாவியோடு நெர்மீன் பக்கத்திலேயே நிற்க, ஹைதம் பெயின்ட் அடித்தான். செவ்வாயன்று கம்பளத்தைப் பால்கனியில் தொங்கவிட்டு அடித்தான், தெருவே தும்மியது. புதனன்று ஏணியில் ஏறி, சரவிளக்கின் நூற்றிருபது கண்ணாடித் தொங்கல்களையும் ஒவ்வொன்றாகக் கழட்டி, கழுவி, துடைத்து மாட்டினான். வயலின் பிடிக்கிற தோளைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரே குஷி. எந்தப் புருஷனும் மனைவியை இவ்வளவு சுலபமாக ஏமாற்றியிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸாலோனுக்குள் வந்தான். நெர்மீன் நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகளை உருவிக்கொண்டிருந்தாள். அவள் தங்கை ஷஹீரா புது உடையில், தட்டில் பதினான்கு ஷர்பத் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“முன்ஸிஃப் ஒரே ஆளுதான், நெர்மீன். அதோட இப்பத்தான் போன் பண்ணினார், விமானம்...”

“தாமதமா? பாவம். பரவாயில்லை, ஷஹீராவைப் பொண்ணு கேட்டு வர்றவங்க பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க.”

“அது உங்கப்பா வீட்டுலதானே?”

“அப்பா வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு முழங்கால் வலி. இங்க வரச் சொல்லி ஒரு மாசமாச்சு. சுவருக்கு உன்னை எப்படி ஏணியில ஏத்துறதுன்னுதான் கவலையா இருந்தது. நீயே வாயைத் திறந்தே.”

“அப்ப முன்ஸிஃப் வரலைன்னு...”

“உன் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. சனிக்கிழமையே எழுதிக் கேட்டேன். நான் வர்றதாவே இல்லையேன்னுட்டார். நல்ல மனுஷன்.”

ஹைதம் தங்க நாற்காலியில் உட்காரப் போய், அவள் பார்வையைப் பார்த்து நிமிர்ந்துகொண்டான். மூன்று வருட உழைப்பு. இன்னும் மூன்றே நாள். அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

“என் பாட்டு, நெர்மீன். ஞாயித்துக்கிழமையோட எல்லாம் போச்சு.”

நெர்மீனுக்கு மனசு இளகிவிட்டது. அவன் காதில் ஒட்டியிருந்த பெயின்டை நகத்தால் சுரண்டிவிட்டாள்.

“ஒண்ணும் போகல. என் புருஷன் வீட்டுல பெயின்ட் வேலையா இருக்கார், ஒரு மாசம் டைம் குடுங்கன்னு எழுதினேன். குடுத்துட்டார்.”

“சனிக்கிழமையேவா? நான் ஞாயித்துக்கிழமைதானே ஆரம்பிச்சேன்?”

“நீ ஆரம்பிப்பேன்னு தெரியாதா எனக்கு?”

“அப்ப நாளைக்கே இங்க ரெக்கார்ட் பண்ணலாமா?”

“தாராளமா. நாப்பது பேரும் வந்து உட்காருங்க. சமையலறைக்குப் பெயின்ட் அடிச்சு முடிச்ச மறுநாள்.”

வாசலில் மணி அடித்தது. ஹைதம் மைக்கைக் கீழே வைத்தான்.

“என்ன கலர்?” என்றான்.