உன் அத்தான் இன்னும் தரையிறங்கவில்லை

கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன்னையும் உன் வீட்டாரையும் இறைவன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

நேற்று மாலை விமானம் விழுந்தபோது அறையில் இருந்தவர்கள்: ஓட்டுகிற நாற்காலியில் உன் அத்தான், பக்கத்தில், சாப்பாட்டு மேசையிலிருந்து இழுத்துப் போட்ட நாற்காலியில் நான், கதவு நிலையில் சாய்ந்தபடி கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக். வேறு யாரும் இல்லை. பயணிகள் நூற்று எண்பது பேர் என்று திரையில் போட்டிருந்தது; அவர்களை நான் பார்க்கவில்லை.

நீ நல்ல எண்ணத்தில்தான் வீட்டிலிருந்தே விமானம் ஓட்டிப் பழகும் அந்தச் சாதனத்தை வாங்கி அனுப்பினாய். "அத்தானுக்கு விமானம்னாலே பயம், வீட்டிலேயே ஓட்டிப் பழகினா தெளிஞ்சிடும், ரெண்டு பேரும் கடல் தாண்டி உங்க மக குட்டியைப் பார்க்கப் போயிடலாம்" என்றாய். நானும் நம்பினேன். கைப்பிடி, மிதிகள், விசைகள் என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது, கடவுளே பார்த்து என் தம்பி உருவத்தில் உதவி அனுப்பியிருக்கிறார் என்று விளக்கேற்றிக் கும்பிட்டேன். இப்போது அந்த அறையில் துணி காய வைக்க இடமில்லை. மின் கட்டணம் எவ்வளவு வந்தது என்று உனக்கு எழுத மாட்டேன், எழுதினால் நீ வருத்தப்படுவாய். ரசீதை மட்டும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

உன் அத்தானைக் குறை சொல்லவில்லை. பேருந்துப் பணிமனையில் வாழ்நாளெல்லாம் பிரேக் சோதித்த மனிதர். நிற்காத வண்டியை வெளியே விட்டதில்லை, அந்த நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார். "நடுவழியில நிறுத்தி இறங்கிப் பார்க்க முடியாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. அதனால்தான் நம் குட்டியின் முதல் பிரசவத்துக்குப் போகவில்லை. பேரன் எங்களைக் கைபேசியில் மட்டுமே பார்த்து வளர்கிறான். போன மாதம் கைபேசியைத் திருப்பி, தாத்தாவுக்கும் பாட்டிக்கும் முதுகு இருக்கிறதா என்று பார்த்தானாம். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்பை அணைக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். இப்போது இரண்டாவது. மருத்துவர் அவளைப் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கோ நேரங்காலம் தெரியாத வேலை. முன்பெல்லாம் "எப்பம்மா வரீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்போது கேட்பதில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்கிறாள். அது எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குப் புரியும்.

உன் அத்தான் ஒரு நிபந்தனை போட்டார். "நல்ல வெயில்ல எவன் வேணா இறக்குவான். கண்ணே தெரியாத பனிமூட்டத்துல, கருவியை மட்டும் நம்பி, குட்டி ஊரு ஓடுபாதையில என் கையால ஒரே ஒரு தடவை இறக்கிட்டேன்னு வை, மறுநாளே டிக்கெட் போடு." ஒரு தடவைதானே என்று நானும் தலையாட்டினேன். பனிமூட்டத்தை எவ்வளவு அடர்த்தியாக வைக்கலாம் என்று அதில் ஒரு விசை இருக்கிறது. அதைக் கடைசி வரை தள்ளிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே வெயில், உள்ளே பனி.

ஓடுபாதையிலிருந்து இரண்டு வானொலி அலைகள் வருகின்றனவாம். ஒன்று இடம் வலம் சொல்லும், மற்றது எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று சொல்லும். இவ்வளவும் நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையேட்டில் படித்தது. முதலில் எந்த அலையும் கிடைக்கவில்லை. ரேடியோவில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் உள்ள எண் வேலை செய்யும், மற்றதில் உள்ள எண் வரிசையில் நின்று காத்திருக்கும். நாங்கள் போட்ட எண் வாரக்கணக்கில் வரிசையிலேயே நின்றிருக்கிறது, நடுவில் உள்ள பொத்தானை அழுத்தி அதை உள்ளே அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அது சரியானதும் திசை காட்டும் ஊசி ரேடியோவைக் கேட்காமல் செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்கு வேறொரு பொத்தான். அதுவும் சரியானதும், பிரேக் பார்த்த கை சும்மா இருக்குமா, "மெதுவா போனா என்ன கெட்டுப்போச்சு?" என்று வேகத்தைக் குறைத்துக் குறைத்து, விமானம் பறப்பதை மறந்து கல்லாக விழுந்தது. அதற்கடுத்தது என்னால் வந்த வினை. சக்கரத்தை இறக்கும் விசை என் பொறுப்பு. ஆனால் தரை நெருங்க நெருங்க என் கை தானாகக் குவிந்துவிடுகிறது, கண்ணும் மூடிவிடுகிறது. கண்ணைத் திறந்தபோது விமானம் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போய்ப் புல்வெளியில் கிடந்தது. "சாமியையும் கும்பிடு, சக்கரத்தையும் இறக்கு. ரெண்டுல எதை முதல்ல செய்யணும்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றார். அன்று முழுவதும் எனக்கு ஒரே குழப்பம்: பொய் விமானத்துக்காக நிஜக் கடவுளைத் தொந்தரவு செய்யலாமா?

இப்போது எஞ்சி நிற்பது அந்தச் சரிவு அலை மட்டும்தான். அதுதான் எங்கள் உயிரை வாங்குகிறது. திரையின் ஓரத்தில் ஏணிபோல ஒரு கோடு, அதில் வைரக்கல் வடிவத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அது ஏணியின் நடுவில் வந்து நிற்க வேண்டும். எங்களுக்கு எப்போதும் அடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. உன் அத்தான் அதைப் பார்த்ததும், "பாரு, எவ்வளவு கீழே கிடக்கிறோம்!" என்று மூக்கை உயர்த்துவார். மேலே போவோம். வைரக்கல் அசையாது. இன்னும் மேலே போவார். "உயரத்துல இருக்கிறவனுக்கு ஆபத்தில்ல. கீழே இருக்கிறவன்தான் மோதுவான்." நானும் "ஆமாங்க" என்பேன். விமானத்தைத் தானாக இறக்கும் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாயிற்று, அது கண்டுகொள்வதே இல்லை. மேகத்துக்குள் ஓட்டிக்கொண்டே போனால், திடீரென்று ஓடுபாதை எங்கள் காலுக்கடியில் எங்கோ பாதாளத்தில் இருக்கிறது என்று தெரியவரும். அப்போது பதறிப்போய் மூக்கைக் கவிழ்ப்பார். உடனே சாதனத்துக்குள்ளிருந்து ஒருவன், மேலே இழு, மேலே இழு என்று ஆங்கிலத்தில் அலறுவான். "கேட்டியா? அவனே மேலே போகச் சொல்றான்!" என்று இழுப்பார். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த அலறலைக் கேட்டுத்தான் நேற்று லிஃப்ட் மெக்கானிக் வந்தார். "அண்ணே, தினமும் உங்க வீட்ல எவனோ ஒருத்தன் உயிர் போற மாதிரி கத்துறான். நீங்க எதுவும் கண்டுக்கிற மாதிரி தெரியல. அதான் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்." நிலைமையைச் சொன்னோம். கதவில் சாய்ந்துகொண்டு ஒரு விபத்து முழுவதையும் பார்த்தார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

"லிஃப்ட்டுக்குக் கயிறு இருக்குண்ணே. கயிறு அறுந்தாக்கூடப் பக்கவாட்டுல கவ்விப் பிடிச்சுக்கும். இதை என்ன பிடிச்சிட்டிருக்கு?"

உன் அத்தான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "காத்து."

"காத்து மட்டுமா?"

"காத்து மட்டும்தான்."

"அப்ப நான் வரேண்ணே" என்று அவர் கிளம்பிவிட்டார். போகும்போது லிஃப்டில்கூட ஏறவில்லை, படியில் இறங்கிப் போனார். உன் அத்தான் என் முகத்தைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். அதோடு சாதனத்தை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"அவ பிள்ளை பெத்து, அதுவும் பெருசாகி, கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் நீங்க இந்தப் பனியிலதான் சுத்திட்டிருப்பீங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பதிலுக்குத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்கு மட்டும் பார்க்கணும்னு இல்லையா?" என்றார், சுவரிடம்.

ஆகையால் தம்பி, நீ இந்த மாதத்துக்குள் வந்து அந்தச் சாதனத்தை எடுத்துக்கொண்டு போய்விடு. அது இல்லாதபோது அவருக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது பயத்துக்கு ஆதாரமும் சேர்ந்துவிட்டது. எல்லா வயர்களையும் துடைத்து, எது எந்தப் பெட்டியில் வந்ததோ அதிலேயே வைக்கும்படி குறித்து வைத்திருக்கிறேன். ஒரு திருகுகூடக் குறையாது. குட்டிக்கு நானே ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, கடவுள் வார்த்தை கொடுப்பார்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாகச் சொல். நீங்கள் எல்லோரும் தரையிலேயே நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இன்று காலை குட்டி பேசினாள். எங்கேயோ படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளின் குரல். "அப்பா எங்கேம்மா? அந்த விமானத்தைத்தான் காட்டச் சொல்லேன், எனக்கும் பொழுது போகல" என்றாள். அவர் வேண்டா வெறுப்பாகப் போய் உட்கார்ந்தார். கைபேசியைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துத் திரையைக் காட்டினேன். வழக்கம்போல வைரக்கல் அடியில் கிடந்தது, வழக்கம்போல மூக்கை உயர்த்தினார்.

"ஏன்பா மேலே போறீங்க?"

"கீழே கிடக்கிறோம்மா. பாரு, அந்தப் பச்சைப் புள்ளியை."

"அது நீங்க இல்லப்பா, பாதை. படுத்துக்கிட்டே இதைத்தான் படிச்சேன். பாதை கீழே இருக்கு, நீங்க அதுக்கு மேலே எங்கேயோ போயிட்டிருக்கீங்க. இறங்குங்க."

"இறங்கினா மோதிடும்."

"அப்பா! நான் எழுந்து வந்து சொல்ல முடியாது. இறங்குங்க."

நான் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் அதில் இருந்தது. நாங்கள்தான் பாதையை நாங்களென்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் திரும்பவும் தொலைவிலிருந்து வந்தார், இந்தத் தடவை தாழ்வாக. முகமெல்லாம் வியர்வை. வைரக்கல் ஏணியின் உச்சியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்து நடுவில் நின்றது. தானாக இறக்கும் பொத்தானை அழுத்தினார், அது அலையைப் பிடித்துக்கொண்டது. யாரும் அலறவில்லை. நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே சக்கரத்தை இறக்கினேன், கடவுள் மன்னிப்பார். பனிக்குள்ளிருந்து இரண்டு வரிசை விளக்கு எழுந்து வந்தது. விமானம் தரையைத் தொட்டு, ஓடி, நின்றது.

"பிரேக் நல்லாப் பிடிக்குது" என்றார் உன் அத்தான். குட்டி அந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கேட்டது. "டிக்கெட் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார். நெடுநேரம் கழுவினார்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. சாதனத்தை எடுக்க வராதே. இப்போது அதில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் அத்தான் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, "எத்தனை கிலோ வரைக்கும் விடுவான்?" என்று கேட்டபடி சுற்றிச் சுற்றி வருகிறார். எனக்குத்தான் இப்போது பயம் வந்துவிட்டது. எல்லா விபத்தும் முடிந்த பிறகு ஆற அமர யோசித்தேன் தம்பி. இத்தனை நாளும் ஒரு நல்ல மனிதர், கவனமான மனிதர், வாழ்நாளெல்லாம் தவறே செய்யாதவர், தப்பான பக்கம் போய்க்கொண்டிருந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து நான் ஒவ்வொரு தடவையும் "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நூற்று எண்பது பேர் பின்னால் இருந்தார்கள். "பைலட்டுக்கே பயமில்ல, உனக்கு என்ன வந்தது?" என்று உன் அத்தான் கேட்கிறார். பைலட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அவர் பக்கத்தில் உட்காருகிறவரைப் பற்றித்தான். பைலட் தப்பாகப் போனால் அவர் வாயைத் திறந்து சொல்வாரா? சொல்ல அவருக்கு அனுமதி உண்டா? சொன்னால் பைலட் கேட்டுக்கொள்வாரா? விவரம் தெரிந்தவர்கள் யாரிடமாவது விசாரித்து, அதைப் பற்றி மட்டும் எழுது. குட்டிக்கு நாள் நெருங்குகிறது, டிக்கெட்டுக்கு இன்னும் நான் பணம் கட்டவில்லை. சீக்கிரம் பதில் போடு.