மூக்கோடு மூக்கு உரசும் முக்கோணங்கள்

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதைப் படித்தபின் கூடினால் பொறுத்துக்கொள்ளவும்.

லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்த புதிதில் நீங்கள் வரைந்த இரண்டு பொத்தான்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்றில் இரண்டு முக்கோணங்கள் முதுகு காட்டி நிற்கின்றன. அது திறக்க. மற்றதில் மூக்கோடு மூக்கு உரசுகின்றன. அது மூட. ஓடிவருகிறவருக்காகக் கதவைப் பிடித்துவைக்கக் கிடைப்பது ஒரு நொடி. அந்த நொடியில் எந்த முக்கோணம் சண்டை, எது சமாதானம் என்று எப்படிப் பெரியப்பா பார்ப்பது?

எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஓய்வுபெற்ற நீதிபதி இருக்கிறார். அவர் மகளும் நானும் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறோம். அவர் சம்மதித்தால்.

முதல் தடவை அவர் மழையில் குடையோடு ஓடிவந்தார், உள்ளே நின்ற நான் "வாங்க சார்" என்று பாய்ந்து அமுக்கினேன், கதவு அவர் முகத்துக்கு நேரே மூடியது, போய் மன்னிப்புக் கேட்டேன், "சந்தேகத்தின் பலனை உங்களுக்குத் தர்றேன் தம்பி, ஒரு தடவைதான்" என்றார், அடுத்த தடவை காய்கறிப் பையோடு வந்தார், போன முறை அமுக்காததை அமுக்குவது என்று நிதானமாக முடிவெடுத்தேன், போன முறை எதை அமுக்கினேன் என்பது மறந்துவிட்டது, பையிலிருந்து உருண்ட முட்டைகோஸ் மட்டும் உள்ளே வந்தது, அதை மேலே கொண்டுபோய்க் கொடுத்தபோது, "முட்டைகோஸுக்குத் திறக்கறீங்க, எனக்கு மூடறீங்க. மனசுல இருக்கறதைத்தான் தம்பி விரல் செய்யும்" என்றார்.

அதிலிருந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை அதற்கு அவரைப் பிடிக்கவில்லையோ?

"அப்பா வந்தா கையைக் கட்டிக்கிட்டு சும்மா நில்லு," என்கிறாள் அவள்.

"சும்மா நின்னா திமிருன்னு சொல்லுவாரு."

'திற', 'மூடு' என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன். காவலாளி கிழித்துவிட்டார். "எல்லாரும் தப்பா அமுக்கியே பழகிட்டாங்க சார். இப்ப போய்க் குழப்பாதீங்க."

போனில் நீங்களும் அதையே சொன்னீர்கள். "மாத்தினா ஜனங்க குழம்பிடுவாங்கடா." பின்னாலிருந்து பெரியம்மா: "இவரு என்னைக்குடா லிஃப்டுல ஏறியிருக்காரு? முழங்கால் தேய்ஞ்சதே படியிலதான்!"

நான் விடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீதிபதி முடிவு சொல்கிறார். அதற்குள், பொத்தானை வரைந்தது நான்தான், பையன் மேல் குற்றமில்லை என்று நீங்கள் கைப்பட எழுதித் தரவேண்டும். கம்பெனிக்கும் எழுதி மாற்றச் சொல்லவேண்டும். மறுத்தால் உங்கள் வாசலில் வந்து உட்காருவேன். பெரியம்மா சாப்பாடு போடுவார். எத்தனை நாளும் உட்காரலாம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். ஆசீர்வாதத்தையும் வாக்குமூலத்தையும் ஒரே உறையில் அனுப்பவும்.

இப்படிக்கு,
திறக்கவே நினைத்த
உங்கள் தம்பி மகன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். எங்கள் மாடியில் லிஃப்ட் திறந்து நின்றது. உள்ளே நீதிபதி. ஓடினேன். "வாங்க தம்பி, வாங்க" என்று சிரித்தபடி அமுக்கினார். கதவு என் மூக்குக்கு நேரே மூடியது.

கீழ்மாடியில் இறங்கி, படியேறி, மூச்சு வாங்க வந்து நின்றார். வெகுநேரம் தன் விரலைப் பார்த்தார்.

"சந்தேகத்தின் பலன் எனக்கு உண்டா தம்பி?"

"உண்டு சார்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எதுக்கு? உங்க அம்மாகிட்ட இப்பவே பேசிடறேன்."

ஆகவே வாக்குமூலம் வேண்டாம். கம்பெனிக்கு ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். பொத்தான்கள் அப்படியே இருக்கட்டும். கல்யாணத்தைத் தரைத்தளத்தில் வைத்துக்கொள்கிறோம்.