வாயில் பிளாஸ்திரி போட்ட பாம்புகள்

அன்றைக்கு மாடி வீட்டில் கேரம் பைனல். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் காலையிலிருந்து ஆள்காட்டி விரலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஜோடி மாடி வீட்டு பிளம்பர். தொழிலில் அடைப்பு எடுப்பவர், கேரமில் குழியை அடைப்பவர்.

வாத்தியாரின் ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது. இன்னொரு கால் போவதற்குள் குரல் வந்தது.

"என்னங்க, எங்க கிளம்பிட்டீங்க?"

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று பேர் வாங்கியவள். வீட்டிலும் அப்படித்தான். குத்தியது கொஞ்ச நேரம் கழித்துத்தான் வலிக்கும்.

"மாடிக்குத்தான். பைனலாச்சே!"

"நீங்க வாரா வாரம் மாடிக்கு. நான் மட்டும் இந்த வாலு பின்னாடி ஓடணும்."

வாலு என்பது அவர்கள் பெற்ற ஒரே மகள். வயது இரண்டரை. அந்த நேரத்தில் அது டிவி ரிமோட்டுக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தது.

பேசாமல் படியேறியிருந்தால் வாத்தியார் தப்பித்திருப்பார். ஊருக்கே பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தன் வாயில் பிரேக் பிடிக்கவில்லை.

"குழந்தையோட விளையாடுறதெல்லாம் ஒரு வேலையா? பக்கத்துல உக்கார வச்சு ரூல்ஸைச் சொல்லிக்கொடுத்தா, அது பாட்டுக்கு விளையாடும்."

"அப்படீங்களா? அப்ப பாம்பு ஏணி ஒரே ஒரு ஆட்டம். விதிப்படி ஆடி முடிங்க. முடிச்சிட்டா இனிமே நீங்க எத்தனை தடவை மாடிக்குப் போனாலும் வாயைத் திறக்க மாட்டேன்."

"முடிக்கலேன்னா?"

"ஒரு மாசத்துக்கு நீங்கதான் காய் வெட்டணும்."

"காய் வெட்டுறதா? தாயத்துல என் காய் வெட்டைப் பாத்திருக்கியா நீ?"

"இது கத்திரிக்காய்ங்க."

வாத்தியார் வீரமாகத் தரையில் உட்கார்ந்தார். "பத்தே நிமிஷம்!"

"மெதுவா வாங்க. நான் மேல போயி நீங்க வரக் கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லிட்டு வந்துடறேன்."

தலையைப் பின்னி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர எதற்கு நல்ல புடவை என்று வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

அட்டையை விரித்தார். "வாலு, இதுதான் ரோடு. இது உன் வண்டி. உனக்குப் பச்சை."

"எனக்கு செவப்பு."

"சரி, செவப்பு. அப்ப அப்பாவுக்குப் பச்சை."

"பச்சையும் என்னுது."

பகடையை உருட்டினாள். இரண்டு விழுந்தது.

"எத்தனைடா கண்ணு?"

"நூறு!" என்று சொல்லி, காயை நேராக நூறாவது கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

அங்கேயே கை தட்டியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். "அதெல்லாம் கூடாது, விதிப்படிதான்" என்றார். அவர் விதி அப்படி.

காயைக் கீழே கொண்டுவந்து மறுபடி உருட்டினார்கள். இந்தத் தடவை வாலு பாம்பின் வாயில் போய் நின்றாள். வாத்தியார் காயை வால் வரைக்கும் இறக்கினார். வீடே இரண்டாகிற மாதிரி ஒரு அலறல்.

"பாம்பு கச்சிச்சு!"

"பொய்ப் பாம்புடா."

"ஊசி போடணும்!"

நர்ஸ் பெற்ற பிள்ளை. ஓடிப்போய் அம்மாவின் பையைக் கவிழ்த்துப் பிளாஸ்திரியோடு வந்தாள். கடிபட்ட காய்க்கு ஒன்று. அப்புறம், கடிக்கிற வாய் திறந்திருந்தால்தானே வம்பு? ஒவ்வொரு பாம்பின் வாயிலும் குறுக்கே ஒன்று. பாதிக் கட்டத்து எண்கள் அதோடு மறைந்தன. வேலை முடிந்ததும் காயைப் பாம்பின் முதுகில் வைத்து விர்ரென்று மேலே ஓட்டினாள்.

"அது ஒன்வே! பாம்புல இறங்கத்தான் செய்யணும்!"

"பாம்பு பஸ்!" என்றாள் வாலு. "அப்பா ஏறு!"

ஏறினார். வேறு வழி?

மேலே கூரைக்கு அந்தப் பக்கம் டக் டக்கென்று காய் விழும் சத்தம். ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். "ஏம்மா, சொல்லிட்டியா?"

"இதோ வந்துட்டேங்க!" குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

திரும்பிப் பார்த்தால் பகடையைக் காணோம்.

"வாலு, பகடை எங்க?"

"பாம்பு முழுங்கிச்சு."

வாத்தியாருக்குக் குப்பென்று வேர்த்தது. குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் கடி விழுந்தது. எண்ணெய் தேய்த்த அதே விரல்! தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். வாலு கெக்கெக்கே என்று சிரித்து, "இன்னொரு தபா!" என்றாள்.

"எந்தப் பாம்பும்மா முழுங்கிச்சு? அப்பாவுக்குக் காட்டுடா!"

பிஞ்சு விரல் அவர் நெஞ்சைக் காட்டியது. "இந்தப் பெரிய பாம்பு."

சட்டைப்பையைத் துழாவினார். பகடை இருந்தது. கூடவே பாதி கடித்த பிஸ்கட்டும் இருந்தது.

போதும் என்று முடிவு செய்தார் வாத்தியார். அக்கம்பக்கம் பார்த்தார். தன் கையாலேயே காயை எடுத்து நூறில் வைத்து, "ஐ! வாலு ஜெயிச்சாச்சு!" என்று கை தட்டினார். சிக்னல் விழுமுன் வண்டியை எடுத்தவர்களையெல்லாம் வாழ்நாள் முழுக்கத் திட்டிய மனிதர் அவர். மனசு சுருக்கென்றது. ஆனால் பைனலாச்சே! குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஓடினார்.

மாடியில் ஒரே கைதட்டல். கூட்டத்துக்கு நடுவே, அவருடைய நாற்காலியில், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். ஊசி பிடிக்கிற விரல் ஸ்டிரைக்கரை ஒரு சுண்டு சுண்டியது. கடைசிக் காய் சத்தமே இல்லாமல் குழிக்குள் இறங்கியது.

"சார், வாங்க வாங்க!" பிளம்பர் குதித்து எழுந்தார். "ஜெயிச்சாச்சு!"

"ஜெயிச்சிட்டமா?" வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது.

"நாங்க ஜெயிச்சிட்டோம். அக்கா கையில என்ன குறி சார்! இத்தனை நாளா வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தீங்களே!"

"நானும் கீழ ஆட்டத்தை முடிச்சிட்டேன்" என்றார் வாத்தியார், மனைவியைப் பார்த்து. "இனிமே வாரா வாரம் நான் மாடிக்கு வரலாம். நீ வாயைத் திறக்கக் கூடாது."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தது பிளம்பர்தான்.

"தாராளமா வாங்க சார். அக்கா ஆடி முடிக்கிற வரைக்கும் பாப்பாவை வச்சுக்க ஒரு ஆள் வேணுமில்ல?"