திருப்தி பிடிபட்டது

ஒரு போலீஸ் ஸ்டேஷன் என்றால் அதற்கென்று ஒரு கம்பீரம் வேண்டும். எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு அது நிறைய இருந்தது. நாற்காலிகளுக்கு மூன்று கால், நான்காவது செங்கல். கூரை ஒழுகுகிற இடத்தில், ஏதோ ஒரு திருட்டு வழக்கில் மீட்ட அண்டாவை வைத்திருந்தார்கள். அண்டாவுக்குச் சொந்தக்காரர் வந்து கேட்டபோது, "மழை விடட்டும், தர்றோம்" என்றார்கள். மழை விட்டது. "அடுத்த மழைக்கு என்ன பண்றது?" என்றார்கள். அதுவும் நியாயம்தானே?

ஃபேன் ஒன்றே ஒன்று. அது லாக்கப்புக்குள் சுற்றியது. கைதிகள் சௌக்கியமா என்று விசாரிக்க யாரோ பெரியவர்கள் வருவதாகச் சொன்னதால் மாட்டினார்கள். போலீஸ்காரர்கள் சௌக்கியமா என்று விசாரிக்க யாரும் வருவதாகச் சொல்லவில்லை. அதனால் வெளியே மாட்டவில்லை.

அங்கே ஒரு ஏட்டு இருந்தார். அவருக்குக் கொடுத்த பூட்ஸ் ஒரு அளவு சின்னது, சட்டை ஒரு அளவு பெரியது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, "ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் பாருங்க, சரியாத்தான் இருக்கும்" என்று கிடங்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. நிறைமாசமாக, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்தில் போய் இருக்க ஒரு நாள் லீவு கேட்டார் ஏட்டு. இன்ஸ்பெக்டரும் மனசு இளகி, "பார்க்கலாம்" என்று சொல்லி வாயை மூடவில்லை, தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்து இறங்கியது.

இன்ஸ்பெக்டர் அதை நின்றுகொண்டே வாசித்தார். மரியாதைக்காக இல்லை, உட்கார்ந்தால் செங்கல் நகரும்.

"காவலர்களிடையே திருப்தி காணப்படவில்லை. அதனால் செயல்திறன் குன்றியுள்ளது. ஆகவே திருப்தி எங்கிருந்தாலும் உடனே கண்டறிந்து நிலையத்தில் நிலைநிறுத்தப்பட வேண்டும். அதுவரை எவருக்கும் விடுப்பு வழங்கலாகாது."

காணப்படவில்லை என்ற சொல்லை இன்ஸ்பெக்டர் தன் சர்வீஸ் முழுக்க ஒரே அர்த்தத்தில்தான் கேட்டிருக்கிறார்.

"யாருய்யா இந்தத் திருப்தி? ஆணா, பொண்ணா? கடைசியா யாரு பார்த்தது?"

"நான் காலையில பார்த்தேங்க," என்றார் ஜீப் டிரைவர். "முக்குல டீ ஆத்திக்கிட்டு இருந்தாரு."

அவர் சொன்னது எங்கள் டீக்கடைக்காரரை. கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு, "திருப்தியா?" என்று கேட்பார். தலையாட்டினால் விடமாட்டார், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதனால் ஊருக்கே அவர் திருப்தி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும்.

ஏட்டு குறுக்கே வந்தார். "ஐயா, அது ஆளு இல்லைங்க. அது ஒரு மாதிரி... மனுஷனுக்கு உள்ளே இருக்கிறதுங்க."

"உள்ளே போடணும்னுதானே நானும் சொல்றேன்? கிளம்புங்க. அவன் கிடைச்சாத்தான்யா உனக்கு லீவு."

ஏட்டு மகளை நினைத்தார். ஜீப்பைத் தள்ளப் போனார்.

கடையில் நாங்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம். அடுப்பை அணைக்கச் சொன்னார்கள்.

"நான் என்னங்க தப்பு பண்ணினேன்?"

"காணாமப் போயிட்ட," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இங்கேயேதானே இருக்கேன், ஏட்டையா!"

ஏட்டு குனிந்து கிளாஸ்களை எண்ண ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர்தான் சொன்னார்: "மேலிடத்துல காணோம்னு சொல்லிட்டாங்க. இருக்கேன்னு சொல்ல நீ யாரு?"

சாட்சிப் பொருள் என்று அடுப்பையும் கிளாஸையும் கூடவே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. லாக்கப்பில் சும்மா இருக்க முடியாமல் அவர் டீ போட ஆரம்பித்தார். வாசனைக்குப் போலீஸ்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் தரையில் உட்கார்ந்து, சூடாக ஒரு வாய் குடித்தார்கள். "ஏண்ணே, கால் இப்படி வீங்கியிருக்கு? சாப்பிட்டீங்களா?" என்று அவர் கேட்டார். சர்வீஸில் சேர்ந்ததிலிருந்து அவர்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு கான்ஸ்டபிள் அழுதே விட்டாராம்.

கொடியில் காயப்போட்ட துணி களவு போனதைச் சொல்ல நான் போயிருந்தேன். போன தடவை போனபோது, "நீ எதுக்கு வெளியில காயப்போட்ட?" என்று என்னைத்தான் விசாரித்தார்கள். இந்தத் தடவை உட்காரச் சொன்னார்கள். செங்கல்லைக் கூடச் சரியாக வைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் துணி வீடு வந்து சேர்ந்தது. அண்டாவும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. டீ இல்லாமல் ஊருக்குத் தலைவலிதான். ஆனாலும் போலீஸ் சிரிக்கிறதே, நாம் வாயைக் கொடுப்பானேன் என்று எல்லோரும் சுக்குத் தண்ணீர் குடித்தோம்.

திருப்தியை அளக்க ஒரு அதிகாரி வந்தார்.

"இங்கே திருப்தி இருக்கா?"

"இருக்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எவ்வளவு?"

"அஞ்சேகால் அடிங்க."

அதிகாரி ஆடிப்போனார். மற்ற ஸ்டேஷன்களில் அங்குலம்கூடத் தேறவில்லை. "எங்கே இருக்கு?"

"உள்ளேதாங்க."

"பலே! உள்ளேதான் இருக்கணும். வெளியில காட்டிக்கிறதெல்லாம் வேஷம்," என்று மெச்சினார்.

ஏட்டு தருணம் பார்த்து முன்னால் வந்தார். "ஐயா, திருப்தி கிடைச்சிருச்சு. அந்த லீவு..."

"ஏன்யா, திருப்தியா இருக்கிறவனுக்கு லீவு எதுக்கு?" என்றார் அதிகாரி.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மகள்தான். பேத்தி பிறந்திருந்தது. நடந்ததைக் கேட்டவள், போலீஸ்காரர் பெற்ற பிள்ளை அல்லவா, சட்டென்று சொன்னாள்: "அப்பா, பாப்பாவுக்குத் திருப்தின்னு பேர் வச்சுட்டேன். இப்பவே ஆஸ்பத்திரியிலயும் பதிஞ்சிடுறேன். திருப்தி இங்கே இருக்குன்னு உங்க ஐயாகிட்டச் சொல்லுங்க. அப்பவாவது அனுப்புறாங்களான்னு பார்ப்போம்."

ஏட்டு அப்படியே சொன்னார்.

இன்ஸ்பெக்டருக்கு வேர்த்துவிட்டது. "ரெண்டு திருப்தியா? அப்ப ஒண்ணு போலி! ஜீப்பை எடுங்க!"

"நான் போறேங்க," என்று ஓடினார் ஏட்டு.

"நீ சொந்தக்காரன். விசாரணைக்குப் போகக் கூடாது. நில்லு."

ஜீப் போய், மகளையும் சிசுவையும் ஏற்றிக்கொண்டு வந்தது. தாய்க்கு நாற்காலி போட்டார்கள். அவள் செங்கல்லைப் பார்த்துவிட்டு நின்றாள். அடையாள அணிவகுப்பில் டீக்கடைக்காரரும் பாப்பாவும் மட்டும். பாப்பாவுக்கு நிற்க வராது என்பதால், பிடித்துக்கொள்ள ஏட்டுக்கு உத்தரவானது. அவர் கையில் வாங்கினார். புடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெரிய சட்டைக்குள் பாப்பா அடங்கிவிட்டது. கிடங்குக்காரர் கணக்கு சரிதான் போலிருக்கிறது.

அதிகாரி தீர்ப்புச் சொன்னார்: "குழந்தைக்கு ஆஸ்பத்திரிப் பதிவு இருக்கு. இந்த ஆளுக்கு வெறும் பட்டப்பேர். குழந்தைதான் அசல். யோவ், இனிமே அந்த வார்த்தை உன் வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா ஆள்மாறாட்டக் கேஸ்!"

அசல் திருப்தி அப்போது வீரிட்டு அழ ஆரம்பித்தது. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். "இதை முதல்ல வெளியே அனுப்புங்க!"

மகள் கையை நீட்டினாள். ஏட்டு கொடுக்காமல் நின்றார். அப்புறம் கொடுத்தார்.

"வீட்டுக்கு எப்பப்பா வருவீங்க?"

ஏட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "ஐயா, திருப்தி போகுதுங்க."

"போகட்டும்யா. கிடைச்சிருச்சுன்னு அறிக்கை போயிருச்சு."

ஜீப்பைத் தள்ளுவதற்கு ஏட்டையும் கூப்பிட்டார்கள். தள்ளினார். கிளம்பிப் போய்விட்டது.

வாசலில் நின்ற எங்களை அதிகாரி பார்த்தார். "என்ன, பொதுமக்களுக்கெல்லாம் திருப்திதானே?" அந்த வார்த்தையைச் சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. "ஆட்சேபம் இல்லை," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் டீக்கடை திறந்தது. முதல் கிளாஸ் ஏட்டுக்கு. கொடுத்துவிட்டு, பழக்கத்தில் வாயைத் திறந்த டீக்கடைக்காரர் ஸ்டேஷன் பக்கம் பார்த்து மூடிக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, "சர்க்கரை சரியா இருக்காங்க?" என்றார்.

"அருமை," என்றார் ஏட்டு.

அடுத்து நான் வாங்கினேன். என்னையும் கேட்டார். "அருமைண்ணே," என்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் வரிசையாக அதையேதான் சொன்னார்கள்.

மனுஷன் இருந்த கலவரத்தில் சர்க்கரையே போடவில்லை.