மூணாந் தறிக் கட்டம்

பிரிண்டர் துப்பிய தாளைப் பார்த்ததும் பிரவீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பளிச்சென நின்ற வரைபடக் கட்டைகள், தாளில் மூன்றும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. அந்தக் கிழட்டு பிரிண்டருக்குத் தெரிந்த ஒரே நிறம் கறுப்பு.

கல்லூரியிலிருந்து அவள் பயிற்சிக்கு வந்திருந்த குமாரபாளையத்து லுங்கித் தறிக்கூடம் அது. மூன்று தறிகளிலும் மணிக்கு எத்தனை தடவை நூல் அறுகிறது என்று பத்து நாள் குறித்து, ஹிஸ்டோகிராம் என்ற கட்டை வரைபடம் போட்டிருந்தாள். மூணாந் தறிதான் பழுது, அதை ஓட்டும் ராசம்மாளின் கை பழுதில்லை என்று முதலாளி சின்னண்ணனுக்கு இன்றைக்குள் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் நாளை முதல் ராசம்மாளுக்கு வேலை இல்லை. தறியை நிறுத்திப் பழுது பார்க்கலாம் என்றால் சின்னண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும்.

நிறத்தை விட்டுக் கோட்டுக்குத் தாவினாள். எல்லாவற்றுக்கும் சாய்கோடு போட்டதில் கட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒரே பாயாகிவிட்டன. எதிரும் புதிருமாகச் சாய்த்தாள். பார்க்கவே தலை சுற்றியது. புள்ளிகளை நெருக்கி வைத்தாள். பிரிண்டர் மையைக் கக்கி எல்லாவற்றையும் கரிக்கட்டையாக்கியது.

டீயோடு வந்த ராசம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சாமி இது?"

"உங்க தறி தனியாத் தெரியோணும்க்கா. தெரிய மாட்டீங்குது."

ராசம்மாள் ஒரு நிமிஷம்தான் பார்த்தாள். "மொதத் தறியச் சும்மா உடு. ரெண்டாவதுக்குச் சாய்கோடு. மூணாவதுக்குக் கட்டம் போடு சாமி. நெடுக்க நெருக்கமா, குறுக்க அகலமா."

அப்படியே போட்டாள். மூணாந் தறியின் கட்டைகள் தாளிலிருந்து எழுந்து வந்த மாதிரி நின்றன. முப்பது வருஷம் நூலோடு புழங்கிய கண் அது. எந்தக் கல்லூரியும் அதைச் சொல்லித் தராது.

சின்னண்ணன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த மூணாந் தறியில மட்டும் பாருங்கண்ணா..."

"இரு அம்மிணி. இந்தக் கட்டம் ஆரு சொன்னது?"

"ராசம்மாக்காங்க."

"பிரமாதம். ஈரோட்டுச் சந்தையில இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லை. நாளைக்கே ஏத்திரு."

"எதைங்கண்ணா?"

"இந்த டிசைனைத்தான். கீழ நீயே மூணாந் தறின்னு எழுதியிருக்கியே. அதுலயே ஏத்து. அந்தம்மாவே ஓட்டட்டும்."

பத்து நாள் உழைப்பை லுங்கி சாம்பிளாக்கிவிட்டாரே மனுஷன். வேலை பிழைத்தது, ஆனால் அதே ஓட்டைத் தறி. அடுத்த வாரமும் நூல் அறும், அதே திட்டு விழும். பிரவீனா தொங்கிய முகத்தோடு போய் நடந்ததைச் சொன்னாள்.

ராசம்மாள் அறுந்த நூலை நிதானமாக முடிச்சுப் போட்டாள்.

"புது டிசைனுக்குப் பாவு நூலையெல்லாம் மாத்த ரெண்டு நாள் தறிய நிறுத்தித்தானே ஆவோணும் சாமி. உன்கிட்டக் கட்டஞ் சொன்ன கையோட மெக்கானிக்குக்கும் போன் போட்டுட்டேன்."