சாலோமிக்கு ஒதுக்கப்பட்ட வினையடை

இலக்கணம் காத்த ஊர்கள் பல உண்டு. பெண்ணையும் இலக்கணத்தையும் ஒரே மூச்சில் காத்த ஊர் பாளையங்கோட்டை ஒன்றுதான்.

1912-ல் சுவீடன் தேசத்து மிஷனரி மிசியம்மா ஒருவர், தங்கள் நாட்டில் பிரசவம் பார்க்கப் படிக்க ஒரு பெண்ணை அனுப்பும்படி கேட்டார். சுவீடன் பாஷை தெரிந்திருக்க வேண்டும். சாத்தான்குளத்துச் சாலோமி முன்வந்தாள். அவளுடைய அக்காள் வலியெடுத்து, பார்க்க ஆளில்லாமல் செத்தவள்.

அவளுக்குப் பாஷை கற்பிக்க உடனே "சுவீடன் இலக்கண பரிபாலன சபை" கூடியது. தலைவர் கிருபைராஜ் உபதேசியார். நான் பி.ஏ. தேறி, மிசியம்மாவிடம் சுவீடன் பாஷையும் படித்தவள் ஆகையால், கரும்பலகை துடைக்கும் உயர்ந்த பொறுப்பு என்னிடம் வந்தது.

பெயரும் வினையும் சேதமின்றிக் கடந்தன. வினையடையில்தான் ஆபத்து. மிசியம்மா கொடுத்த பாடப் புத்தகத்தில், "பெண் சத்தமாகப் பேசுகிறாள்" என்று சுவீடன் பாஷையில் அச்சாகியிருந்தது.

"அச்சுக்காரன் தப்பா கோத்துட்டான் போலுக்கு" என்றார் தலைவர்.

"இல்லை ஐயா. 'ஹெக்ட்'ன்னா சத்தமான்னுதான் அர்த்தம்" என்றேன்.

"பொம்பளப்பிள்ள வாக்கியத்துக்கு அது ஆவாது. 'சக்தா'ன்னு போடு. 'பைய, மெதுவா'ன்னு அர்த்தம். வாக்கியமும் அடக்கமா இருக்கும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்றுமுதல் புத்தகத்துப் பெண் பைய நடந்தாள், பைய உண்டாள், பைய ஓடினாள். 'உடனே', 'சத்தமாக' முதலியவை ஆண்களுக்கென்று "பத்திரப்படுத்தப்பட்டன". துடைக்குமுன் அவற்றைச் சாலோமிக்குச் சொல்லிக்கொடுத்தேன். சபைக்குத் தெரியாது.

தேர்வு நாளில் மிசியம்மா சுவீடன் பாஷையில் கேட்டார்: "பிள்ளை குறுக்கே கிடந்தால் என்ன செய்வாய்?"

"டாக்டரை உடனே கூப்பிடுவேன். சத்தமாகக் கூப்பிடுவேன்!" சாலோமியின் பதில், அதே பாஷையில், கூரையில் பட்டுத் திரும்பியது. மிசியம்மா எழுந்து கைகுலுக்கினார்.

தலைவர் நற்சான்றில் கையெழுத்திட மறுத்தார். "பாஷை நல்லாத்தான் பேசுதா. தொண்டைதான் சரியில்ல. எங்க அக்கா மவன் அப்பாத்துரைய அனுப்புவோம்."

"ஆம்பளையையா? இது பிரசவப் படிப்பு!" என்றேன்.

"அதனாலென்னம்மா? அவனும் பொறந்தவந்தான."

"நீங்களுந்தான் பொறந்திய" என்றாள் சாலோமி. "ஒங்கள பெத்தப்ப ஒங்க அம்மை பையவா கத்துனாவ?"

இந்தக் கேள்வி இலக்கணத்துக்குப் புறம்பானது என்று சபை தள்ளுபடி செய்தது. மிசியம்மா கப்பல் பிடிக்கத் தனியாகவே தூத்துக்குடி ரயில் ஏறினார்.

சபையின் இலக்கணம் இன்றும் பிழையின்றி நிற்கிறது. போன மாதம் சாத்தான்குளத்தில் இன்னொருத்தி பிள்ளைப்பேற்றில் செத்தாள். பையத்தான் செத்தாள். அடக்கத்துக்குக் கிருபைராஜ் உபதேசியார் வண்டி கட்டிக்கொண்டு போய், அவளுக்காக ஜெபம் செய்தார்.

சத்தமாக.